பிரெசிதானை இறக்கப் பட்ட பாடு

ஒரு தலைவர் திருடினார் என்றால் அவரைப் பதவியிலிருந்து இறக்குவது எளிது. பொய்க் கையெழுத்துப் போட்டார், குடித்துவிட்டு வந்தார், பெண் விவகாரம் என்றாலும் எளிதுதான். நாலு பேர் கூடிப் பேசினால் காரியம் முடிந்துவிடும். ஒரு குற்றமும் செய்யாத, ஊரே மதிக்கிற, ஆனால் அந்த வேலைக்கு இனி உதவாத ஒருவரை இறக்குவதுதான் கடினம். 1934 நவம்பரிலிருந்து 1935 பாஸ்கு, அதாவது ஈஸ்டர், திருநாள் வரை, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நெல்லித்தோப்பில் எங்கள் அடக்கச் சபையின் தலைவரை இறக்க முயன்று நான் தோற்றேன். அந்தத் தோல்வியின் எரிச்சல் இன்னும் எனக்குத் தணியவில்லை.

அடக்கச் சபை என்பது மில் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் சின்ன உத்தியோகஸ்தர்களுமான கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தியது. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் சபையின் தூம்பா அந்த வீட்டுக்குப் போகும். தூம்பா என்பது பிரேதத்தைத் தூக்கிச் செல்லக் கறுப்பு வண்ணம் பூசி வைத்திருந்த மரப்பெட்டி. அதைத் தூக்க ஆள், முன்னால் பிடிக்கச் சிலுவை, மெழுகுவர்த்தி எல்லாம் சபை கொடுக்கும். கல்லறை வாசலில் ஒரு கல்மேடை உண்டு. தூம்பாவை அதன்மேல் இறக்கி வைத்ததும் சபைத் தலைவர் முன்னால் வந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார். வெள்ளைக்காரர்களின் அடக்கங்களைப் பார்த்து எங்களுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பேச்சு என்று சொல்லாமல் அவர்களைப் போலவே திஸ்கூர் என்போம். உயிரோடு இருந்தபோது யாரும் உட்காரச் சொல்லாத கூலிக்காரனுக்கும் செத்த பிறகு ஒரு திஸ்கூர் உண்டு. எங்கள் சபையின் பெருமையே அதுதான். அதற்காகவே மூலக்குளத்திலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

தலைவரை பிரெசிதான் என்றுதான் சொல்வோம், நேரில் முசியே, அதாவது ஐயா. கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனின் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டு, அதன் மடிப்பில் பதக்கத்து நாடா. அவரிடம் நியாயமாக நடந்துகொள்ள விரும்புகிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்: என் இளம்வயதில் அவர் பேசிய திஸ்கூர்களைப் போல் நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு சலவைக்காரப் பெண்மணியின் அடக்கத்தில், அந்தத் தெருவில் யார் யார் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு நின்றார்களோ அத்தனை சட்டையும் அவள் கையால் வெளுத்தது என்று சொன்னார். கூட்டத்தில் நின்ற ஆண்கள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

நான் அப்போது ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் பதிகிற அதிகாரியிடம், எழுத்தராக இருந்தேன். சபையில் செயலாளர். சாவு வீட்டுக்குப் போய், பிறந்த நாள், ஞானஸ்நானம், கல்யாணம், செய்த வேலை இவற்றை விசாரித்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி பிரெசிதானிடம் கொடுப்பது என் பொறுப்பு. தேதிகளில் நான் பிடிவாதக்காரன். வீட்டார் சொல்வதை அப்படியே ஏற்காமல் கோவில் பதிவைப் பார்த்துத்தான் எழுதுவேன். துக்க வீட்டில் வந்து கணக்குக் கேட்கிறான் என்று சிலர் முணுமுணுத்ததும் உண்டு.

முப்பத்துமூன்றாம் ஆண்டு முதலே பிரெசிதான் என் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். பேச்சு வேறெங்கோ போகும். முதலில் ஊர்ப் பெயர் மாறியது. பிறகு தொழில். அடுத்த மழைக்காலத்துக்குள் எந்தப் பிரேதமானாலும் அவர் பேச்சில் கப்பல் ஏறி சைகோனுக்குப் போய்விடும். தச்சரும் போனார், மீன் விற்ற கிழவியும் போனாள். குரல் மட்டும் பழைய குரல். அதனால்தான் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை.

1934 நவம்பர் நாலாம் தேதி, சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த ஞாயிறு. கருவடிக்குப்பம் பக்கம் குடியிருந்த வயதான குசினிக்காரர், அதாவது சமையல்காரர், ஒருவரை அடக்கம் செய்யப் போனோம். நல்ல மழை. தூம்பாவின் முன்பக்கம் இடது கையில் நின்றவர் மில்லில் தறி ஓட்டுபவர், என் தெருக்காரர், நாற்பது வயதிருக்கும். எதற்கும் சிரிக்கிற சுபாவம். நான் அவரை அண்ணே என்பேன். பல வருஷமாகச் சபைக்குத் தூம்பா தூக்கி வந்தவர்.

பிரெசிதான் பேச ஆரம்பித்தார். "நம்மையெல்லாம் அழவிட்டுப் போய்விட்ட" என்று சொல்லி, குசினிக்காரர் பெயருக்குப் பதிலாகத் தறிக்காரர் பெயரைச் சொன்னார். வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்தார். குசினிக்காரரின் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தறிக்காரர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, "நான் இருக்கேன் முசியே" என்றார்.

பிரெசிதான் அவரைக் கனிவோடு பார்த்தார். "பொறு. அவசரப்படாதே. உன்னைப் பத்தியும் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே பேச்சு. "இன்னா, உன்ன பொதச்சிட்டு வரோமே, நீ எப்பிடி கூடவே வர?" என்றார் பின்பக்கம் தூக்கியவர்.

"எட்டாம் நாள் பூசைக்கு வந்துடு. வெறுங்கையோட வராத" என்றார் தறிக்காரர். அன்று அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் மனைவிக்கு இல்லை. மறுநாள் விடியற்காலைப் பூசைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

தறிக்காரருக்கு இருமல் அதற்கு முன்பே இருந்தது. மில்லில் பஞ்சுத் தூசியில் நிற்கிற எல்லோருக்கும் இருந்தது. ஆனால் நவம்பர் முடிவதற்குள் அவர் வேலைக்குப் போவது நின்றுவிட்டது. கிறிஸ்மசுக்கு முந்தின வாரம் பார்க்கப் போனேன். பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் சாம்பல் போட்ட கொட்டாங்கச்சி. அதில் இரத்தம் இருந்தது.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஆளு என்ன ஒரு வாட்டி பொதச்சிட்டாரு. ரெண்டாவது வாட்டியும் அவரே பொதைக்கக் கூடாது."

"அதெல்லாம் ஏன் இப்ப பேசறீங்க அண்ணே?"

"எப்ப பேசுறது? பொட்டியில படுத்துக்கினா? எனக்கு திஸ்கூர் வேணும். உரிமை. வருசக்கணக்கா தூக்கியிருக்கேன். ஆனா சைகோன் வாணாம். நான் கடலூரத் தாண்டினதில்ல. தறி ஓட்டினான், சபைக்குத் தூம்பா தூக்கினான், அம்புட்டுதான். ரெண்டு வார்த்த. அத்த சொல்றதுக்கு ஒரு ஆள வையி."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "சபையே வாணாம்னு எழுதிக் குடுத்துடுங்க. சாமியார் செபம் சொன்னா போதாதா?" என்றார்.

"நான் ஏன் போவணும்? அவரு போவட்டும்" என்றார் தறிக்காரர். சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சபையின் சட்டதிட்டங்களை எடுத்துப் படித்தேன். தலைவரை நீக்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. பிரெஞ்சுச் சங்கங்களின் மாதிரியைப் பார்த்து எழுதியது அது. மாதிரியில் அந்த விதி உண்டு. எங்கள் பிரதியில் மட்டும் ஒரு விதிக்கும் அடுத்த விதிக்கும் நடுவில் ஒரு எண் காணாமல் போயிருந்தது. காரணம் தெரிந்தவர் எங்கள் உபதலைவர். கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர், சபையைத் தொடங்கியவர்களில் அப்போது மிஞ்சியிருந்த ஒரே ஆள்.

"சபைய ஆரம்பிச்ச மொத நாளு கோவில்ல தூம்பாவ மந்திரிச்சிட்டு வந்து பந்திக்கு முன்னாடி ஒவ்வொண்ணா படிச்சாங்க. தலைவர நீக்கறது எப்பிடின்னு வந்துச்சு. ஒரு பெரியவரு எழுந்து, கல்யாணப் பந்தல்ல தாலிய அறுத்துக்கட்டுற பேச்சாடா பேசறீங்கன்னாரு. சரிதான்னு பட்டுச்சு. அடிச்சிட்டோம்" என்றார் அவர்.

"நம்பர மாத்தலியா?"

"பசி நேரம்பா."

ஆக, எங்கள் சட்டப்படி தலைவர் நாற்காலி காலியாவதற்கு இரண்டே வழி. அவர் சாக வேண்டும், அல்லது அவராகவே விலக வேண்டும். சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதற்குப் பொதுக்கூட்டம் வேண்டும். பொதுக்கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் தலைவருக்கு மட்டும். கூட்டினால் அதற்குத் தலைமை வகிப்பதும் அவரே. அபசகுனமாக ஒன்றும் பேசிவிடக் கூடாது என்ற பயத்தில், சாவுக்காகவே ஒரு சபை தொடங்கியவர்கள் செய்துவைத்த காரியம் இது.

அவராகவே விலகும்படி கேட்போம் என்றார் ரொட்டிக்கடைக்காரர். எப்போது என்று கேட்டதற்கு ஜனவரி முதல் தேதி என்றார். வருஷப்பிறப்பன்று பெரிய மனிதர் வீட்டுக் கதவு திறந்திருக்கும், யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எனக்குத் திருப்தியில்லை. இருந்தாலும் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அவர் ஒரு மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே நான் திரும்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மாலை போட்டு, பழத்தைக் கையில் கொடுத்து, ஒருவர் முகத்தைப் பார்த்து நீங்கள் விலகுங்கள் என்று எந்த மொழியில் சொல்வது?

பிரெசிதான் எங்களை உட்கார வைத்து ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயின் கொடுத்தார். "முசியே, உங்களுக்கும் வயசாவுது. சபை வேல பெரிய பாரம்" என்று ஆரம்பித்தேன்.

"பாரந்தான்" என்றார் அவர். "ஆனா நீங்கள்ளாம் இப்படித் தேடி வந்து கேக்கறப்ப முடியாதுன்னு எப்படிச் சொல்றது? செய்றேன். உயிர் இருக்கிறவரைக்கும் செய்றேன்."

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நன்றி சொன்னார். வெளியே வந்து தெருமுனை வரை நான் அவரை விட்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

"நீ சரியா ஆரம்பிக்கலப்பா" என்றார்.

பொங்கல் கழிந்ததும் வேறு வழியில் இறங்கினேன். கூட்டம் கூட்டும்படி உறுப்பினர்களில் பாதிப்பேர் எழுதிக் கேட்டால் மரியாதைக்காகவாவது பிரெசிதான் மறுக்க முடியாது. கையெழுத்துக்காக நெல்லித்தோப்பு முழுவதும், மூலக்குளம் வரையிலும், மில் சங்கு ஊதி ஆட்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து அலைந்தேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி.

"இன்னா தப்பு பண்ணாரு? அத்த சொல்லு."

"தப்பு ஒண்ணும் பண்ணல."

"பின்ன இன்னாத்துக்கு எறக்கணும்?"

"யார் செத்ததுன்னு அவருக்குத் தெரியல."

"செத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமில்ல" என்றார் ஒரு மேஸ்திரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கையெழுத்தும் போட்டார், அது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கு முழுவதும் சிக்கிக்கொண்டது. நீக்கம் என்றாலே தண்டனை என்று எல்லோரும் நினைத்தார்கள். தண்டனை என்றால் குற்றம் இருந்தாக வேண்டும். குற்றம் இல்லாதபோது நீக்கச் சொல்கிறவன் பொறாமைக்காரன். நொத்தேரின் அலமாரியில் இருந்த சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். அமெரிக்கக் குடியரசில் ஜனாதிபதி மீது குற்றம் சாட்ட ஒரு சபையும், விசாரிக்க இன்னொரு சபையும் வைத்திருக்கிறார்கள். விசாரிக்கிறவர்கள் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். இவ்வளவு யோசித்தவர்களும் லஞ்சம், துரோகம், பெருங்குற்றம் என்றுதான் எழுதினார்களே தவிர, குற்றமே செய்யாமல் தகுதியை இழந்தவரை என்ன செய்வது என்று எழுதவில்லை. பிரான்சு தேசத்தில் இன்னும் மோசம். தேசத்துரோகம் செய்தால் ஒழிய ஜனாதிபதியை யாரும் தொட முடியாது. பெரிய தேசங்களே இப்படி என்றால் நெல்லித்தோப்பு என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. பிறகு கோபம்தான் வந்தது. தேசத்துக்கு மந்திரிகள் இருக்கிறார்கள், ஜனாதிபதி தூங்கினாலும் ஓடும். கல்லறை வாசலில் நிற்பவர் ஒருவரே.

கூட்டத்தில் படிக்க நான் எழுதிய மனுவின் சாரம் இதுதான்: அலுவல் என்பது அதை வகிப்பவருக்குக் கொடுத்த சன்மானம் அல்ல, மற்றவர்களுக்காக அவரிடம் ஒப்படைத்த காரியம். அந்தக் காரியம் நடக்கவில்லை என்றால் அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழாது. அடக்கச் சபையின் தலைவருக்கு இறந்தது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இவருக்குத் தெரியவில்லை. ஆகவே மரியாதையோடு இறக்கி, கௌரவத் தலைவர் என்று ஒரு பட்டம் கொடுத்து, வேறொருவரைப் பேச வைப்போம்.

ரொட்டிக்கடைக்காரர் படித்துவிட்டு, "இவர் இவர்னு எழுதாதப்பா. மூஞ்சிக்கு நேரா படிக்கணும். தலைவர்னு பொதுவா போடு" என்றார். மரியாதைதானே என்று மாற்றினேன்.

பாதிப்பேர் கையெழுத்து சேர்ந்துவிட்டது, கூட்டத்துக்கு பிரெசிதானும் ஒரு தடையும் சொல்லவில்லை. சந்தோஷமாகவே கூட்டினார். மார்ச்சில், சாம்பல் புதன் கழிந்த முதல் ஞாயிறு, பூசைக்குப் பிறகு, ரொட்டிக்கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் கூடினோம். மேசைக்குப் பின்னால் பிரெசிதான், பக்கத்தில் நான். மனுவை எழுந்து நின்று படித்தேன். தலைவர் பெயரை மறக்கிறார், தலைவர் உயிரோடிருப்பவரை இறந்தவராகச் சொன்னார், தலைவர் தமக்குக் கொடுத்த விவரத்தைப் படிப்பதில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.

பிரெசிதான் எழுந்தார். "இப்படியும் ஒரு சபையில் நடக்கிறதா?" என்று கேட்டார்.

அவர் பேச ஆரம்பித்தார். நாற்காலி என்றால் என்ன, அதில் உட்காருகிறவன் யார் என்று பேசினார். ஒரு ஏழை தன் வாழ்நாளெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடப்படாமல் வாழ்ந்து, கடைசியில் ஒரே ஒரு முறை பேர் சொல்லப்படுகிற நேரத்தில் அந்தப் பேரைத் தவறாகச் சொல்கிறவன் அவனை இரண்டாம் முறை கொல்கிறான் என்றார். அப்படிப்பட்ட தலைவன் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது என்றார். நான் மூன்று மாதம் அலைந்து எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் எனக்கு மேலாகச் சொல்லிவிட்டார். மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்தார். மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"அப்படிப்பட்ட தலைவரை நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எல்லோரும் தூக்கினார்கள். அவரும் தூக்கினார்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ரொட்டிக்கடைக்காரர் முன்னால் வந்து, "நம்ம சபைக்கு இவரு ஆயுசு பூரா இருக்கணும்" என்றார். கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். மறுபடியும் எல்லாக் கையும் மேலே போயின, என் கையைத் தவிர. நான் எழுதிக்கொண்டிருந்தேன். தகுதியற்ற தலைவரை நீக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம். இருக்கிற தலைவரே ஆயுள் முழுவதும் தொடர்வதென்று இன்னொரு தீர்மானம். இரண்டும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டின் கீழும் பிரெசிதான் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, இல்லை எல்லாம் புரிந்துதான் அப்படிச் செய்தாரா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அது அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பேச்சு அப்பிடிப்பா. நீ ஒரு வாட்டியாவது அப்பிடி பேசியிருக்கியா?"

அன்று மாலையே தறிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவரால் உட்கார முடியவில்லை. படுத்தபடியே முழுவதும் கேட்டார். இரண்டாம் முறை கொல்கிறான் என்ற இடம் வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாக மாறியது.

"அத்த அவரேவா சொன்னாரு?"

"அவரேதான்."

"நல்லாத்தான் சொல்லியிருக்காரு" என்றார். இருமல் அடங்கியதும், "என்ன எறக்கறதுக்குள்ள அவர எறக்கிடுவன்னு பாத்தேன். பரவால்ல வுடு. ஆனா அவருகிட்ட காகிதத்த குடுக்காத. கூடவே நில்லு. காதுல சொல்லிக்கினே இரு" என்றார்.

பாஸ்குவுக்கு முந்தின பெரிய வியாழனன்று, சாகும் தறுவாயில் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலை அவருக்குக் கொடுத்தார்கள். பாஸ்குவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை மில் சங்கு ஊதுகிற நேரத்தில் உயிர் போயிற்று.

அடக்கத்தன்று பிரெசிதான் வீட்டுக்கு முன்கூட்டியே போய், நெல்லித்தோப்பு வரை அவரோடு நடந்தேன். வழியெல்லாம் சொன்னேன். பெயர், தறி ஓட்டியவர், சபைக்குத் தூம்பா தூக்கியவர், வேறொன்றுமில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் திரும்பச் சொன்னார். கல்லறை வாசலில் தூம்பாவைக் கல்மேடையில் இறக்கினார்கள். முன்பக்கம் இடது கையில் வேறொருவர் நின்றார். நான் பிரெசிதானுக்கு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டேன்.

பெயரைச் சரியாகச் சொன்னார். தகப்பன் பெயரும் சரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அவர், "இளம்வயதில் தாயை விட்டு, தன்னந்தனியாகக் கப்பலேறி" என்று தொடங்கினார்.

"தறி, முசியே" என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கோட்டை லேசாகப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். கப்பல் சைகோன் போய்ச் சேர்ந்தது. முதல் மழைக்காலத்துக் காய்ச்சல், நீதிமன்றத்தில் முதல் நாள், அங்கேயே புதைத்துவிட்டு வந்த முதல் குழந்தை, கவர்னர் கையால் வாங்கிய பதக்கம். ஒவ்வொன்றும் வருஷத்தோடு வந்தது. அந்த வருஷங்கள் எனக்குத் தெரியும். சபையின் வெள்ளிவிழாவுக்காக அவரைக் கேட்டு அவற்றை எழுதி வைத்தவன் நானே. ஒன்றுகூடப் பிசகவில்லை. அது முழுக்க அவருடைய வாழ்க்கை. தன் வாழ்க்கையைத் தறிக்காரரின் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்போது அவர் கன்னம் நனைந்திருந்தது. ஜனங்களும் அழுதார்கள். தறிக்காரர் கேட்ட இரண்டு வார்த்தை மட்டும் வரவில்லை. தூம்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

எட்டாம் நாள் பூசை முடிந்து தறிக்காரர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கறுப்புச் சேலையில் இன்னும் கஞ்சியின் மொடமொடப்பு. உட்காரச் சொன்னேன். மன்னிக்க வேண்டும், என்னால் முடிந்தவரை செய்தேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர், "அந்த திஸ்கூர அப்பிடியே எழுதிக் குடு தம்பி. கண்ணாடி போட்டு மாட்டணும்" என்றார்.

"எந்த திஸ்கூரு அண்ணி?"

"அன்னிக்கு முசியே பேசினது. சைகோன்ல இருந்தது, மெடல் வாங்கினது, எல்லாம்."

"அது பொய்யி அண்ணி."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அவரோட குடித்தனம் பண்ணது நானா, நீயா?"

"அவரு இதுதான் வாணாம்னாரு. உங்க முன்னாடிதான சொன்னாரு?"

"சொன்னாரு. கோவத்துல சொன்னாரு. கோவமும் போயிடுச்சு, ஆளும் போயிட்டாரு. அந்தப் பேச்சு அவரு காதுல வுழல. என் காதுல வுழுந்துச்சு. மில்லுல பஞ்ச முழுங்கி செத்தாருன்னு எழுதி மாட்டினா எவ வந்து படிப்பா? எம் பொண்ண நாளைக்கு ஒருத்தன் பாக்க வந்தா அத்தயா காட்டுவேன்?"

ஒரு நல்ல தாளை எடுத்தேன். தேதியைப் போட்டேன். பெயரைப் போட்டேன். கப்பல், காய்ச்சல், நீதிமன்றம், பதக்கம் எல்லாவற்றையும் எழுதினேன். பேனா ஒவ்வொரு வருஷத்தின் முன்னும் நின்றது, ஒவ்வொன்றையும் தள்ளித்தள்ளி எழுத வேண்டியிருந்தது. அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி முடிந்த பிறகு, கீழே இடம் இருந்தது. தறி ஓட்டினார், சபைக்குத் தூம்பா தூக்கினார் என்று சேர்த்தேன்.

"படி, கேக்கறேன்" என்றார்.

படித்தேன். சைகோன் வந்த இடங்களில் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அது வாணாம் தம்பி. அது ஊருக்கே தெரியும்."

வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.